உங்க கைதான் ராசி

ஈரலில் சின்னக் கட்டி என்று ஒரு நோயாளி வந்துவிட்டால் போதும், ஆபரேஷன் டாக்டருக்கும் ஊசி டாக்டரம்மாவுக்கும் போர் மூண்டுவிடும். “வெட்டி எடுத்தாத்தான் நிம்மதி” என்பார் அவர். “ஊசியை விட்டுச் சுட்டுட்டா மறுநாளே வீட்டுக்குப் போகலாம்” என்பார் இவர். அந்தச் சத்தத்தில் மூன்றாம் மாடியில் மயக்கத்தில் கிடப்பவர்கூட எழுந்து உட்காருவார்.

அன்று தலைமை நர்ஸ் தன் காதையே நம்பவில்லை.

“ரெண்டு சென்டிமீட்டர் கட்டிதானே? ஊசியே போதும், நீ பண்ணிடு” என்றார் ஆபரேஷன் டாக்டர்.

“ஐயோ, சுட்ட இடத்துலயே திரும்ப வந்துட்டா? நீங்களே வெட்டிடுங்க. உங்க கைதான் ராசி!”

“உன் ஊசி என்னைக்குக் குறி தப்பியிருக்கு?”

பத்து வருடப் பகை பஞ்சாய்ப் பறந்ததே என்று நர்ஸ் உருகிப்போனாள். “யாராவது ஒருத்தர் முடிவு சொல்லுங்க டாக்டர். அந்தம்மா ஒரு மணி நேரமா வெளியில உட்கார்ந்திருக்காங்க, பாவம்.”

கதவைத் திறந்துகொண்டு நோயாளியே உள்ளே வந்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்ட வேண்டாம். நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள எதிர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதி வாங்கிட்டு வந்துட்டேன்.”

“என்னம்மா இது? பெத்த மகன் நான் இருக்கும்போதா?” என்று பதறினார் ஆபரேஷன் டாக்டர்.

“எங்க மேல நம்பிக்கை இல்லையா அத்தை?” என்றார் டாக்டரம்மா.

“நம்பிக்கையெல்லாம் மலையளவு இருக்கு. ஆனா அந்த டாக்டருக்கு நான் யாரோ! அதான் கை நடுங்காம அஞ்சே நிமிஷத்துல ஊசின்னு சொல்லிட்டாரு.”