பக்கத்து வீட்டு வைஃபை திருடன்

"என் வீட்டு வைஃபையில உன் புள்ள படம் பாத்துக்கினு இருக்கான்யா! அதனாலதான் என் பொண்ணுக்கு வந்த சம்பந்தம் போச்சு!"

"யோவ் தட்சிணாமூர்த்தி, பாத்துப் பேசு! அவன் செல்லுலயே நெட்டு தீராம கெடக்குது. உன் நெட்டை எவன்யா தொடுவான்?"

காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஓய்வுபெற்ற தட்சிணாமூர்த்தி. அந்தப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி பச்சைமுத்து. திண்டிவனத்தில் அந்தத் தெரு முழுக்கக் குக்கர்கள் விசிலடித்துக்கொண்டிருந்தன. அடுப்பை அணைக்க ஒருவரும் உள்ளே போகவில்லை. இப்படி ஒரு சண்டை தினமுமா கிடைக்கும்?

விஷயம் இதுதான். தட்சிணாமூர்த்தியின் மகள் ஷாலினியைப் பார்க்கக் கோயம்புத்தூர் மாப்பிள்ளை வீட்டார் வீடியோ காலில் வந்தார்கள். பெரியவர்கள் பேசிய வரைக்கும் படம் பளிச்சென்று இருந்தது. 'பொண்ணும் பையனும் தனியா பேசட்டும்' என்று எல்லோரும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தியதுதான் தாமதம், மாப்பிள்ளையின் தாயார் ஃபோனில் வந்துவிட்டார்.

"பொண்ணு வாயைத் தொறந்தது தொறந்தபடியே நின்னுபோச்சுங்க. எம் பையன் வீட்ல இருந்தே வேலை பாக்கறவன். தீபாவளிக்கு உங்க ஊருக்கு வந்தா அவன் பொழப்பு என்னங்க ஆகறது?"

அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

நெட்டைத் திருடுவது பச்சைமுத்துவின் மகன் அரிபிரசாத்தான் என்று கண்டுபிடித்தவள் ஷாலினியின் அம்மா கிளியம்மாள். "எந்நேரமும் செல்லைப் பாத்து சிரிச்சிக்கினே இருக்கான், வேற என்ன சாட்சி வேணும்?" என்றாள். அவன் சிரிப்பதே ஷாலினிக்காகத்தான் என்று தெரு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

ஷாலினி எங்கிருந்தோ தேடிக் கொடுத்த நம்பரில் விழுப்புரத்திலிருந்து வைஃபை மெக்கானிக் பிரவீன்குமார் வரவழைக்கப்பட்டான். ரூட்டரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இது இன்னும் உயிரோட இருக்குதா சார்? இதுல இருக்கறது டபிள்யூ.ஈ.பி. மொத மொதல்ல வந்த பூட்டு. ஒரே சாவியைத் திருப்பித் திருப்பிப் போடும். கொஞ்ச நேரம் கவனிச்சான்னா சாவி அவன் கைக்கு வந்துடும். அது சரிப்படலன்னு ஜல்தியா ஒரு ஒட்டுப் போட்டு டபிள்யூ.பி.ஏ.ன்னு விட்டாங்க. அதுக்கப்புறம் வந்தது டபிள்யூ.பி.ஏ. டூ. பூட்டே வேற. அதைப் போட்டுடறேன்."

"பக்கத்து வீட்டுப் பையன் ஒடைப்பானா?"

"அவன் பாட்டன் வந்தாலும் கஷ்டம் சார்."

அந்த வேலை சாயங்காலம் வரைக்கும் நடந்தது.

அடுத்து ஓசூர் மாப்பிள்ளை. அதே மாதிரி கதவைச் சாத்தினார்கள். அதே மாதிரி ஃபோன் வந்தது. இந்த முறை ஷாலினி ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைத் திறந்தபடி நின்றுபோனாளாம். "பாக்கவே பயமா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

பிரவீன்குமார் மறுபடி வந்தான். "பாஸ்வேர்டு என்ன சார் வச்சீங்க?"

"ஷாலினி ஒன் டூ த்ரீ."

"அங்கதான் சார் பேஜாரு! செல்லும் ரூட்டரும் மொதல்ல பேசிக்கிறதை ரெக்கார்டு பண்ணிக்கினு போய், வீட்ல உக்காந்து ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டுப் பாப்பானுங்க. உங்களுதுக்கு உக்காரக்கூட வேணாம், நின்னுக்கினே கண்டுபிடிச்சுடலாம். டபிள்யூ.பி.ஏ. த்ரீயில அது நடக்காது. ஒவ்வொரு தடவையும் ரூட்டர்கிட்டயே வந்து கேட்டாவணும். அதுக்குப் புது ரூட்டரு வேணும்."

புது ரூட்டர் வந்தது. கிளியம்மாள் அதற்குக் குங்குமம் வைத்தாள். பச்சைமுத்துவும் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் மாப்பிள்ளை வீடியோவில் வரும் ஞாயிற்றுக்கிழமை, மகனை வண்டியில் ஏற்றி, தெருவே பார்க்கக் கிளியனூர் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"இப்ப நிக்கட்டும் உன் நெட்டு, அப்ப பேசிக்கறேன்!" என்று வண்டியிலிருந்தே கத்திவிட்டுப் போனார்.

தட்சிணாமூர்த்தி எதற்கும் இருக்கட்டும் என்று பிரவீன்குமாரையும் வரவழைத்து, ரூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பெரியவர்கள் பேசினார்கள். கதவைச் சாத்தினார்கள். ஃபோன் அடித்தது.

தட்சிணாமூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. "அம்மா, சத்தியமா சொல்றேங்க, இந்த ஜில்லாவுலயே இல்லாத பூட்டு போட்டிருக்கேன். நெட்டு நிக்க சான்ஸே இல்லீங்க. இது போனா எம் பொண்ணுக்கு வேற மாப்பிள்ளைக்கு நான் எங்கங்க போவேன்?"

"நெட்டு எங்க சார் நின்னுச்சு?" என்றார் மாப்பிள்ளையின் தாயார். "அருமையா வருது. பின்னாடி ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் துணி ஆடுது. உங்க பொண்ணுதான் செலையாட்டம் நிக்குது. இப்பக்கூட மூக்குல ஒரு கொசு ஒக்காந்துச்சு. பட்டுனு அடிச்சிட்டு மறுபடியும் அப்படியே நின்னுடுச்சு சார்!"

கிளியம்மாள் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தாள். "ஏண்டி, இத்தினி நாளா நின்னது நீதானா?"

ஷாலினி இந்த முறை நிஜமாகவே நின்றுபோனாள்.

ஐப்பசியில் அரிபிரசாத்துக்கும் கிளியனூர் அத்தை மகளுக்கும் கல்யாணம் ஆனது. செல்லில் அவன் சிரித்ததெல்லாம் அவளிடம்தானாம். அதற்கு முன்பே, ஆவணியில், மயிலம் கோயிலில் தாலி கட்டி ஷாலினியை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனவன், அந்த நெட்டில் வெளியாள் ஒருத்தனும் இல்லை என்பது முதல் நாளே தெரிந்தும் பூட்டுக்கு மேல் பூட்டு போட்டுக்கொண்டிருந்த பிரவீன்குமார்.