பரணுக்குப் போர்த்திய பொன்னாடை

பரணில் பூத்த பூஞ்சணத்தால் வேதவல்லிக்கு இழுப்பு வந்தது. அவள் கணவர், சொற்பொழிவாளர் திருவரங்கர், ஈரம் நுழையாதிருக்க ஓட்டுக்கூரையின் காற்றுத்துளைகளில் தம் பொன்னாடைகளைத் திணித்து அடைத்தார். பூஞ்சணம் இன்னும் செழித்தது. வெள்ளையடிக்க வந்த மரியபுஷ்பம் ஏணியில் ஏறி, முகர்ந்து பார்த்து, ஒவ்வொன்றாக உருவினாள்.

“ஈரம் வரக்கூடாதென்றல்லவா அடைத்தேன்?”

“உள்ள கெடக்க ஈரம் வெளிய போவ வழி வேணும்லா, ஐயா.”

முப்பது வருடம் மேடைப்பேச்சு கேட்ட வேதவல்லிக்கு, ஒரே வாக்கியத்தில் விஷயம் முடிந்தது அதிசயமாக இருந்தது.

“கடைசித் துளையை மட்டும் விட்டுவிடம்மா. அதிலிருப்பது அமைச்சர் போர்த்தியது.”

மரியபுஷ்பம் கீழே பார்த்தாள். “என்ன செய்யட்டும், அக்கா?”

வேதவல்லி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “அதுதான் இறுக்கமா இருக்கும். பலமா இழு.”