வண்டு மாதிரி

ஸீவெர் ஏழாவது முறையாக விழுந்தான்.

மூன்று வயது. கால்களில் முதன்முறையாகப் பனிச்சறுக்குப் பலகைகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பூட்டிக்கொண்டுவிட்டன. முகம் பனிக்குள் போயிருந்தது.

ரக்னா குனிந்தாள்.

பையனின் அப்பா ஹால்வர் தன் பனிச்சறுக்கு ஊன்றுகோலை அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நீட்டினான்.

"தொடாதீங்க, அக்கா."

"குழந்த அழறான். காது கேக்கலயா உனக்கு?"

"கேக்குது."

கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ அழுவதுபோலக் கேட்டது. ஏப்ரலில் மனைவி லிவ் இறந்ததிலிருந்து எல்லாமே அவனுக்கு ஒரு சுவர் தள்ளித்தான் கேட்கிறது.

ரக்னா லிவ்வின் அக்கா. முந்தாநாள் பெர்கன் நகரத்திலிருந்து வந்தாள். வந்த அன்றே பிள்ளைகளின் துணிகளை மடித்து இரண்டு சின்னப் பைகளில் அடுக்கிக் காரில் வைத்துவிட்டாள். கோடைவரை இரண்டு பேரும் என்னிடம் இருக்கட்டும், உன்னால் தனியாக முடியாது என்றாள். அனுப்பமாட்டேன் என்றான். வீட்டில் பால் இல்லை, காலுறைகளுக்கு ஜோடி இல்லை, சின்னவனுக்கு நகம் வெட்டவில்லை என்றாள். எல்லாம் உண்மை. அனுப்பமாட்டேன் என்றான்.

இன்று காலை அவன் பலகைகளை எடுத்து வைத்தபோதுதான் அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சரி. இன்னைக்கு ஒரு நாள் பாக்கறேன். அப்புறம் முடிவு பண்றேன்."

அவளுக்கு முழங்கால் சரியில்லை. பூட்ஸ் காலோடு, சறுக்குத் தடத்தை மிதித்துவிடாமல் ஓரமாகவே நடந்து வந்தாள். காரிலிருந்து இருநூறு மீட்டர்கூட இன்னும் தாண்டவில்லை.

தடத்தின் மறுகோடியில் இருந்த குடில் பக்கமிருந்து ஒரு பெரியவர் இரண்டு கோல்களையும் சேர்த்து உந்தியபடி வந்தார். பையனைப் பார்த்ததும் அடுத்த தடத்துக்கு மாறினார்.

"என்னப்பா, புள்ளைய நட்டு வச்சிருக்கியா?"

"ஆமா. முளைப்பான்."

பெரியவர் சிரித்துக்கொண்டே போனார். ரக்னா சிரிக்கவில்லை.

ஸீவெர் முகத்தைத் தூக்கினான். புருவமெல்லாம் பனி. யாரைக் கேட்டால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பெரியம்மாவை நோக்கிக் கையை நீட்டினான்.

ஊன்றுகோல் நகரவில்லை.

முன்னால் போய்விட்டிருந்த ஸிக்னே, பலகைகளைக் கடிகார முள்போல ஒவ்வொரு அடியாகத் திருப்பி வைத்துத் திரும்பி வந்தாள். ஐந்து வயது. தம்பியின் தலைமாட்டில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அழுதா மூக்கு ஒழுகும். ஒழுகினா உறையும். மல்லாக்கப் படு."

அவன் புரண்டான்.

"ரெண்டு காலையும் மேல தூக்கு. வண்டு மாதிரி ஆட்டு."

ஆட்டினான். பலகைகள் பிரிந்தன.

"இப்ப ஒருக்களிச்சுப் படு. பலகை ரெண்டும் ஒண்ணா இருக்கணும். முட்டி போடு. கைய ஊனு. ம்."

ஸீவெர் எழுந்தான். யாரையும் பார்க்காமல் மூன்று அடி போனான்.

ரக்னா மூக்கைக் கையுறையில் துடைத்துக்கொண்டாள்.

"லிவ் குரலேதான். அம்மா சொல்லிக் குடுத்தாளா கண்ணு?"

"எனக்கு அம்மா சொல்லிக் குடுத்தா. அப்பாவுக்கு நான்."

"அப்பாவுக்கு எதுக்குடி? அவர் ஸ்கூல்ல கப்பு வாங்கினவராச்சே."

"பனியில இல்ல பெரியம்மா. சமையலறையில."

ஹால்வர் மகளின் பக்கம் திரும்பினான்.

"அப்பா தரையில படுத்திருந்தாங்க. நான் முழிச்சப்பவும் படுத்திருந்தாங்க, இருட்டினப்பவும் படுத்திருந்தாங்க. கையப் புடிச்சு இழுத்தேன். ரொம்ப கனம். அப்புறம் வண்டு சொன்னேன். ரெண்டு தடவ தப்பாப் பண்ணாங்க." ஸிக்னே மூன்று விரல்களைக் காட்டினாள். "மூணாவது தடவ எந்திரிச்சுட்டாங்க. எங்களுக்கு ரொட்டி வெட்டிக் குடுத்தாங்க."

சொல்லிவிட்டுத் தம்பியின் பின்னால் போனாள்.

ரக்னா ஹால்வரைப் பார்த்தாள். பிறகு கார் நிற்கும் பக்கம் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

விளையாட்டு என்று சொல்லிவிடலாம். ஐந்து வயதுப் பிள்ளை, ஏதோ உளறுகிறது என்று சொல்லலாம். அவள் நம்பக்கூடச் செய்வாள்.

"அக்டோபர்ல," என்றான். "ஒரு நாள் முழுக்க."

அவளை நேராகப் பார்த்தான்.

"எந்திரிச்சேன்ல?"

ஸீவெர் எட்டாவது முறையாக விழுந்தான். இந்த முறை தடத்தை விட்டு விலகி, ரக்னாவுக்குக் கையெட்டும் தூரத்தில். பலகைகள் பூட்டிக்கொண்டன. அழுகை தொடங்கியது. கை அவளை நோக்கியே நீண்டது.

ஹால்வர் ஊன்றுகோலைப் பனியில் குத்தி நிறுத்தினான். இந்த முறை குறுக்கே நீட்டவில்லை.

ரக்னா பையனைப் பார்த்துக்கொண்டே கையுறைகளைக் கழற்றினாள். முதலில் ஒன்று. பிறகு இன்னொன்று.

இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.