மேற்கே போன சாலை

கொத்தமல்லி வாங்கி வருவதாகச் சொல்லிப் புறப்பட்ட என் கணவர் தணிகாசலம், சாலையோரம் மாரடைப்பில் இறந்து கிடந்தார். கடை கிழக்கே இருந்தது; அவர் கிடந்தது மேற்கே.

எங்கள் புறநகர்ச் சாலைக்குத் தன்மேல் நடந்த எல்லோரையும் நினைவிருக்கும், கேட்டால் சொல்லும். மேம்பாலத்துக்காகத் தோண்டினால் அந்த நினைவு அழிந்துவிடும். அதற்கு முன் போய்க் கேட்டேன்.

"அந்தப் பக்கம் யாரப் பாக்கப் போனாரு?"

"யாரையும் இல்லம்மா. தினமும் அந்த அடுக்குமாடிக்கு எதிர்ல கொஞ்ச நேரம் நிப்பாரு."

"அங்க என்ன இருக்கு?"

"நான் மண்பாதையா இருந்தப்போ அந்த அடுக்குமாடி இருக்குற இடத்துல ஏரி இருந்துச்சு. சின்ன வயசுல நீச்சலடிச்சிட்டு, சொட்டச் சொட்ட என்மேலதான் ஓடுவாரு."

"நீச்சலா! எங்கிட்ட சொன்னதே இல்லையே மனுஷன்!"

"கள்ளன்மா" என்று சாலை சிரித்தது.

இப்போது மேம்பாலம் வந்துவிட்டது. மழை பெய்தால் அவர் நின்ற இடத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது.