வெறுங்கால்

மனித குலம் இதுவரை கண்டவர்களிலேயே எதற்கும் அசையாதவன் நான். இதை முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். போன மாதம் பைக் விபத்தில் இறந்த நண்பன் தயாளனை எரித்துவிட்டு வந்து பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டவன். அவனோடு சேர்ந்து போவதாக இருந்த மலை நகரத்துக்கு நானும் எழிலும் மட்டும் போனோம். அவனைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஊரில் ஆளுக்கொரு கிடார், இடுப்புவரை முடி. பாதிப் பேர் ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டிருந்தார்கள். பாசிமணி விற்ற ஜடாமுடிக்காரரிடம் எழில் காரணம் கேட்டான்.

"யாரையாச்சும் பறிகொடுத்துட்டு வர்றவங்க இங்க ஒத்தைக் கால் வெறுங்காலா நடப்பாங்க தம்பி. கால் மரத்ததும் செருப்பைப் போட்டுக்கலாம்."

"ஒத்தைச் செருப்பைத் தொலைச்சவன் எவனோ கிளப்பிவிட்ட கதைண்ணே," என்றேன். அவர் சிரித்தார். எழில் சிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும்போது பனி கொட்டியது. நான் பின்தங்கி, இடது ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். எழில் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா?"

"கல்லு மாட்டிக்கிச்சு."

"எடுத்துட்டேல்ல? மாட்டு, பஸ் கிளம்பிரும்."

"இருடா," என்றேன். "இன்னும் மரத்துப்போகல."