பிரேக் அண்ணன்

"அண்ணா, தப்பா எடுத்துக்காதே. அம்மாவோட எழுபதாவது பிறந்தநாளுக்கு நீ யுகுலேலே வாசிக்க வேண்டாம்."

போனில் தங்கை ஒரு வழியாகச் சொல்லிவிட்டாள். இதைச் சொல்ல நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"ஏம்மா?"

"சொந்தம் அத்தனையும் வருது. அப்பா பாட்டைக் கேக்கணும்னு அம்மா ஆசைப்படறா. நீ பாதியில நிறுத்துவே, எல்லாரும் சிரிப்பாங்க. நானே வாசிச்சு நானே பாடிடறேன். முறையா கிளாஸுக்குப் போறேன்ல?"

"சரிம்மா, நீயே வாசி. நான் நாற்காலி போடற வேலையைப் பார்க்கறேன்."

கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அண்ணன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி இருப்பான்.

அப்பா இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வீட்டின் முன்னறை நிறைந்துவிடும். அப்பாவே இட்டுக்கட்டிய பாட்டை அவள் பாடுவாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினாலு. கிட்டார் குட்டி போட்ட மாதிரி ஒரு யுகுலேலேயை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாசிப்பான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று 'டக்'கென்று நிறுத்திவிடுவான். கொஞ்சம் கழித்து மறுபடி தொடங்குவான். எந்த இடத்தில் நிற்கும் என்று அவனைப் படைத்தவனுக்கே தெரியாது.

"என்னடா, வண்டி மறுபடி நின்னுடுச்சா? இறங்கித் தள்ளணுமா?" என்பார் மாமா. அறையே சிரிக்கும்.

பெயரே 'பிரேக்' என்றாகிவிட்டது. இப்போது அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தலை நரைத்தும் பெயர் மாறவில்லை. யார் வீட்டில் ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணினாலும் "பிரேக்கைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள்.

அந்த நாட்கள் தங்கைக்கு இன்றும் கண் முன்னே நிற்கும். கதவில் சாய்ந்து நின்று தொடையில் தாளம் போடும் அப்பா, தரையில் இடம் பிடிக்கச் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள். எதுவும் திரும்பி வராது. அந்தப் பாட்டையாவது ஒருமுறை தடங்கல் இல்லாமல் அம்மாவுக்குப் பாடிக் காட்டிவிட வேண்டும் என்றுதான் பேங்க் வேலை முடிந்த கையோடு கிளாஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்கு அவளுடைய வயதில் பாதிதான் இருக்கும்.

"மேடம், கீழே, கீழே, மேலே, மேலே, கீழே, மேலே. மணிக்கட்டுதான் ஆடணும், முழங்கை ஆடக் கூடாது. ம், இப்போ உள்ளங்கை ஓரத்தால கம்பிகளை அமுக்குங்க. சத்தம் பட்டுன்னு நிக்கணும்."

நிற்கவில்லை. 'ங்ஙொய்' என்று இழுத்தது. மூன்று வாரமாக இதே கதைதான்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவள் பேச்சை மாற்றினாள். "டீச்சர், ஒரு வேடிக்கை காட்டவா? எங்கப்பா டேப்புல பதிஞ்சு வச்சது. எங்கண்ணன் எப்படிச் சொதப்பறான்னு கேளுங்க."

போனில் ஏற்றி வைத்திருந்ததை ஓட விட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டாள்.

"இவர் யார்கிட்ட கத்துக்கிட்டார்?"

"யார்கிட்டயும் இல்ல. தானா தட்டித் தட்டிப் பழகினதுதான்."

"மூணு வாரமா உங்களுக்கு வராதது இவருக்கு எவ்வளவு சுத்தமா வருது பாருங்க. இது தப்பு இல்ல மேடம்."

"பாட்டு நடுவுல நிக்குதே?"

"தப்பா வாசிக்கறவங்க எப்பவும் ஒரே இடத்துலதான் தடுக்குவாங்க. இவர் ஒவ்வொரு சரணத்துலயும் வேற வேற இடத்துல நிறுத்தறார். வேணும்னேதான் நிறுத்தறார். எதுக்குன்னுதான் புரியல." டீச்சர் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். "அவர் நிறுத்தினதும் எல்லாரும் சிரிக்கறாங்கல்ல? அந்தச் சிரிப்புக்கு நடுவுல விசில் மாதிரி ஒண்ணு கேக்குது. டேப் பழசுங்கறதாலயா?"

தங்கை போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

டேப்பில் ஒரு கோளாறும் இல்லை. அது அவளுடைய மூச்சு. சின்ன வயதில் அவளுக்கு இளைப்பு இருந்தது. நாலு சொல் சேர்ந்தாற்போல் பாடினால் நெஞ்சு 'வீ' என்று இழுக்கும். பன்னிரண்டு வயதில் அது விட்டுப்போனது, அவளும் அதை மறந்தே போய்விட்டாள்.

வராந்தாவுக்கு வந்து அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, எனக்கு மூச்சு இழுக்கறப்பல்லாம்தான் நீ நிறுத்தினியா?"

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? நாற்காலி நாப்பது போதுமா, அம்பதா சொல்லட்டுமா?"

"நாற்காலியை விடு. பிறந்தநாளுக்கு நீதான் வாசிக்கறே. உன் பக்கத்துல உக்காந்து நான் பாடறேன். முப்பத்தஞ்சு வருஷமா உன்னை பிரேக், பிரேக்னு கேலி பண்ணாங்க. நானும் சேர்ந்துதானே சிரிச்சேன். ஒரு நாளாவது நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அது அடங்கும்வரை அண்ணன் காத்திருந்தான்.

"மூச்சு வாங்க நீ பாட்டை நிறுத்தியிருந்தா, 'பாடினது போதும், உள்ள போய்ப் படு'ன்னு உன்னை அனுப்பியிருப்பாங்கம்மா. நான் நிறுத்தினதால, என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு உன்னைத் தொடர்ந்து பாடச் சொன்னாங்க."