பென்சிலால் எழுதிய பெயர்

"கொலை செய்தவன் தையற்காரன்."

புத்தம்புதுத் துப்பறியும் நாவல். முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, பென்சிலால் இப்படி எழுதியிருந்தது. மஹாதேவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டான்.

"இனிமே இதை என்னத்துக்குப் படிக்கறது?" என்றான் மனைவி சாவித்ரியிடம்.

இது மூன்றாவது தடவை. போன புத்தகத்தில் 'நகையை எடுத்தது ஜமீன்தாரின் மைத்துனன்' என்று இருந்தது. அதற்கு முந்தியதில் 'செத்தவர் சாகவில்லை' என்று.

ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. கல்கத்தா பவானிப்பூரில் இருந்த நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சென்னையிலிருந்து நாவல்கள் வரவழைத்துக்கொண்டிருந்தன. ஹவுராவில் வந்து இறங்கும் பார்சல், அவர்களில் ஒருவரான லக்ஷ்மிநாராயணன் வீட்டு டிரங்குப் பெட்டிக்குப் போகும். வேண்டியவர்கள் எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள். அந்த ஊரில் தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். அதிலும் ஒருவர் மண்ணைப் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

லக்ஷ்மிநாராயணன் கண்டிப்பானவர். எழுதியது யார் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு இனிமேல் புத்தகம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மஹாதேவன் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. பெட்டியில் இருந்த துப்பறியும் நாவல் ஒன்று விடாமல் படித்தவன். ஒரு மாசம் டயம் கொடுத்தால் எல்லார் முன்னாலும் ஆளைக் காட்டுவதாக அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

முதல் சந்தேகம், அந்த நாலு வீட்டில் இன்னொரு வீட்டுக்காரரான பாலசுப்ரமணியன் மேல். கையெழுத்து வேண்டுமே? பொய் இருமல் இருமிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், கஷாயத்துக்கு என்னென்ன போடவேண்டும் என்று எழுதித் தரச் சொன்னான். அவருக்கு மூக்குக் கண்ணாடி அகப்படவில்லை. தான் சொல்லச் சொல்ல அவனையே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதற்குள் அவர் மனைவி நாகலக்ஷ்மி, கஷாயத்தையே சுடச்சுடக் கொண்டுவந்து நீட்டினாள். பாவம், ரொம்ப இருமுகிறானே என்று இன்னொரு டம்ளரும்.

தன் கையெழுத்தையே எடுத்துக்கொண்டு, நாக்கெல்லாம் கசக்க வீடு வந்து சேர்ந்த புருஷனைப் பார்த்து சாவித்ரி விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு அவனும் சிரித்தான்.

பிறகுதான் சுலபமான வழி தோன்றியது. புதுப் பார்சலில் வந்த புத்தகம் பெட்டிக்குத் திரும்பும்போதெல்லாம் போய் முதல் பக்கத்தைப் பார்த்தான். பாலசுப்ரமணியன் திரும்ப வைத்தபோது பக்கம் சுத்தமாக இருந்தது. அடுத்தபடி எடுத்துப்போனவர் சந்தானம். அவர் திரும்ப வைத்தபோது பென்சில் எழுத்து இருந்தது.

சந்தானம் ஒரு பாங்க்கில் பெரிய உத்தியோகஸ்தர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். நாலைந்து மாசமாக அவரோ அவர் மனைவி காமுவோ எந்த விசேஷத்துக்கும் தலைகாட்டுவதில்லை. கர்வம் என்று எல்லாரும் சொன்னார்கள். சாவித்ரியும் சொன்னாள்.

சனிக்கிழமை சாயந்திரம், அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறேன் என்று மஹாதேவன் உற்சாகமாகக் கிளம்பினான். திரும்பி வந்தவன், இலையில் பாதிச் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். என்ன ஆயிற்று என்று சாவித்ரி கேட்டதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை லக்ஷ்மிநாராயணன் வீட்டில் எல்லாரும் கூடிவிட்டார்கள். சந்தானம் வீட்டார் மட்டும் வரவில்லை.

"சொல்லு, மஹாதேவா. யார் எழுதினது?"

"நான்தான்" என்றான் மஹாதேவன்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பாலசுப்ரமணியன் சிரிக்க ஆரம்பித்தார். துப்பறிகிறவனே திருடன் என்ற கதை எந்த நாவலிலும் இன்னும் வரவில்லையே என்றார். கூடமே சிரித்தது.

லக்ஷ்மிநாராயணன் சிரிக்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான், இனிமேல் உங்கள் வீட்டுக்குப் புத்தகம் கிடையாது என்றார். உனக்குக் கூடவா இது தெரியாது என்று நாகலக்ஷ்மி கேட்டபோது, சாவித்ரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் வேகமாக நடந்தாள். அவர்களை உரசுகிற மாதிரி ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போயிற்று. அது போன பிறகு நின்றுவிட்டாள்.

"எழுதினது சந்தானம்தானே? கண்டுபிடிக்க முடியலைன்னாவது சொல்லியிருக்கலாம். இப்படி எல்லார் எதிரிலேயும் தலைகுனிய வெச்சுட்டேளே."

"முடியலைன்னா, நாளைக்கு வேற யாராவது தேடுவா. அவாத்துக்குப் புஸ்தகம் நின்னு போயிடும்."

"நிக்கட்டுமே. நம்மாத்துக்கு நின்னா மட்டும் பரவாயில்லையா?"

"பரவாயில்லை. இனிமே அழிச்சுட்டுத்தான் திருப்பி வெப்பேன்னு சொல்லியிருக்கார். நீயும் யார்கிட்டேயும் மூச்சு விடக்கூடாது. காமு மாமியோட உடம்பைப் பத்தி வெளியிலே தெரிஞ்சுடுத்துன்னு மாமிக்குத் தெரியக்கூடாது."

"மாமி உடம்புக்கு என்ன?"

"இருதயம். டாக்டர் கைவிட்டுட்டார்."

சாவித்ரி, அதற்கும் பென்சிலுக்கும் என்ன சம்பந்தம் என்று மெதுவாகக் கேட்டாள்.

மஹாதேவன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"ஒவ்வொரு புஸ்தகத்தையும் கையிலே எடுக்கறபோது, 'கடைசிப் பக்கம் வரைக்கும் நான் இருப்பேனோ என்னவோ, யாருன்னு இப்பவே பார்த்துச் சொல்லிடுங்கோ'ன்னு மாமி கேக்கறாளாம். வாயால சொன்னா அதை ஒத்துண்ட மாதிரி ஆயிடுமேன்னு, அவர் எழுதி வெச்சுட்டு ஆபீஸுக்குப் போயிடறார்."